கொஞ்சம் வழி விடுங்க

கதை கட்டுகிறவர்கள் எப்போதும் தங்களை நல்லவர்களாகத்தான் காட்டிக்கொள்வார்கள். நான் சொல்லப்போகும் இதில் நான் நல்லவள் இல்லை. ஒரு கெட்ட காரியம் செய்யத்தான் அன்றைக்கு அங்கே போனேன். இதை இட்டுக்கட்டிச் சொல்வதில் எனக்கு என்ன லாபம்? தலைகுனிவுதான் மிச்சம். அதனால் நம்புங்கள்... இது நடந்தது. எனக்கு நடந்தது.

அதுவும் நடுராத்திரியில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம்.

நான் ரோபோ செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கை கால் வைத்துப் பேசிச் சிரிக்கிற ரோபோ இல்லை. குடோன்களில் பெட்டி சுமக்கிற ரோபோ. தட்டையாக, முழங்கால் உயரத்தில் இருக்கும். எண்பது கிலோ கனம். நொடிக்கு அரை மீட்டர்தான் நகரும். அதனால் நாங்கள் அதற்கு வைத்த பெயர் ஆமை.

ஆமைக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கவலைதான். 'நான் இப்போது எங்கே இருக்கிறேன்?'

கண்ணைக் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிலிலிருந்து பத்து அடி வைத்தால் கூடம். இடது பக்கம் திரும்பி ஆறு அடி வைத்தால் சமையலறை. அடியை எண்ணியே போய்விடலாம். ஆனால் ஒவ்வொரு அடியிலும் துளித் துளியாகத் தப்பு சேரும். கதவு என்று நினைத்துக் கை நீட்டுவீர்கள், சுவர் இருக்கும். சுவரைத் தடவிப் பார்த்து, 'ஓ, இங்கே இருக்கிறேனா' என்று திருத்திக்கொள்வீர்கள்.

ஆமை செய்வதும் அதேதான். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும். அது அடி எண்ணுவது. எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பினோம் என்று சொல்ல உள்ளே ஒரு சென்சார். அப்புறம், கணுக்காலுக்குச் சற்று மேலே சுழன்றுகொண்டே இருக்கும் ஒரு லேசர் கண். பதினைந்து மீட்டர் தூரத்துக்குச் சுற்றிலும் உள்ளதைத் தொட்டுப் பார்க்கும். அது தடவிப் பார்ப்பது. அந்த லேசருக்கு மனிதன் என்றால் முகம் கிடையாது. இரண்டு கால். திரையில் இரண்டு சின்னப் பிறைகள். பக்கத்தில் 'ஆள் 1' என்று எழுதிக் காட்டும். அவ்வளவுதான்.

இந்த மூளை முழுவதையும் எழுதியது அண்ணி.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. ஆனால் அதற்கு முன்னால் அவள் என் சிநேகிதி. ஒரே நாளில், ஒரே கம்பெனியில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் சேர்ந்தவர்கள் நாங்கள். ஒருநாள் மழைக்கு ஒதுங்கட்டும் என்று அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் கதவைத் திறந்தான். முடிந்தது கதை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நானேதான்.

அப்புறம் என் அம்மாவுக்கு அவள் கொடுத்தால் வெறும் தண்ணீர்கூட இனித்தது. அலுவலகத்தில் நான் அவளை 'அண்ணி' என்று கூப்பிட, எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஐம்பது வயது மேனேஜர்கூட, "அண்ணியைக் கேட்டுட்டு செய்யுங்க" என்பார். நான் கண்டுபிடித்த தவறைக்கூட அவள் போய்ச் சொன்னால்தான் நம்புவார்கள். வீட்டில் ஒருத்தி, வேலையில் வேறொருத்தி என்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். இரண்டு இடத்திலும் அவளே. இரண்டு இடத்திலும் நான் 'அண்ணியோட நாத்தனார்'.

ஆமைக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. யாராவது குறுக்கே நின்றால், "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்ல வேண்டும். விலகியதும், "நன்றி" என்று சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் பேசிப் பதிவு செய்து கொடுத்தோம். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அண்ணி குரல்ல ஒரு மரியாதை இருக்கு" என்றார். என் குரலில் என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாய் சிரித்தது. வயிறு எரிந்தது.

அந்தத் திங்கட்கிழமை ஆமையை வாங்கப்போகும் ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் அது சரியாக ஓடினால் அண்ணி எங்கள் பிரிவுக்கே தலைவி. நான் அவளுக்குக் கீழே. லீவு வேண்டுமென்றால் அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவள் வைத்த குழம்பை அண்ணன் புகழ்வதைக் காதில் வாங்காமல் இருந்துவிடலாம். இதை எப்படி வாங்காமல் இருப்பது?

மூன்று நாள் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும், சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நாங்கள் ஆமையை ஓட்டிப் பார்ப்பது ஒரு பழைய கட்டடத்தில். வாடகைக்கு எடுத்தது. ஒரு சின்ன அறை, அதில் எங்கள் திரைகள். அந்த அறையிலிருந்து ஓர் இரும்புக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் எண்பது மீட்டர் நீளக் காரிடார். ஜன்னல் கிடையாது. இரண்டு பக்கமும் வழுவழுவென்று வெள்ளைச் சுவர். கூரையில் பத்து மீட்டருக்கு ஒன்றாக எட்டு விளக்கு. ஆள் நடமாடினால் தானாக எரியும், இல்லாவிட்டால் அணையும். கடைசியில் இன்னொரு கதவு, அது வெளியே முற்றத்துக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வெளிப்பக்கம் பூட்டிவிடுவார்கள்.

2:10க்கு உள்ளே போனேன். கட்டடத்தில் ஈ காக்காய் இல்லை.

என் திட்டம் இதுதான். அந்தக் காரிடாரில், சரியாக ஐம்பதாவது மீட்டரில், சுவரோடு சுவராக ஒரு தானியங்கிக் கதவு. ஆமை அதன் எதிரே பிசகாமல் நின்றால்தான் அது திறக்கும். காரிடாரின் நடுப்பகுதியில் லேசர் கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுவர்தான் தெரியும். இருபதாவது மீட்டரும் நாற்பதாவது மீட்டரும் அதற்கு ஒன்றுதான். தடவிப் பார்த்துப் பிரயோஜனமில்லை. சக்கரத்தின் எண்ணிக்கையை மட்டும்தான் நம்பியாக வேண்டும்.

அந்த எண்ணிக்கை ஓர் எண்ணை நம்பியிருக்கிறது. சக்கரத்தின் விட்டம், இருநூறு மில்லிமீட்டர். நான் அதை 204 ஆக்கினேன். ஒரு சுற்றுக்கு ஒரு விரற்கடை பொய். ஐம்பதாவது மீட்டருக்கு வருவதற்குள் முக்கால் மீட்டர் பிசகிவிடும். கதவு திறக்காது. வந்தவர்கள் கைகட்டி நிற்பார்கள். அண்ணியின் முகம் தொங்கும்.

மணி 2:26. மாற்றியாகிவிட்டது. கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஆமையை ஒரு முறை ஓட்டினேன். 2:31.

திரையில் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும், 'நான் இங்கே இருக்கலாம்' என்று ஆமை செய்யும் ஓர் ஊகம். நிச்சயமாகத் தெரிந்தால் புள்ளிகள் சர்க்கரையைக் கண்ட எறும்பு மாதிரி ஒரே இடத்தில் மொய்க்கும். குழப்பம் என்றால் சிதறும். காரிடாருக்குள் போகப் போகப் புள்ளிகள் நீளவாக்கில் இழுபட்டன. நான் எதிர்பார்த்தபடியே. பத்து மீட்டர்... பதினைந்து... இருபது...

இருபத்திரண்டாவது மீட்டரில் ஆமை நின்றது.

திறந்திருந்த இரும்புக் கதவு வழியாக அந்தக் குரல் வந்தது.

"கொஞ்சம் வழி விடுங்க."

திரையைப் பார்த்தேன். ஆமைக்கு முன்னால் இரண்டு பிறைகள். 'ஆள் 1'.

சுவரில் இருக்கும் கேமராப் படத்தைப் பார்த்தேன். ஆமை நின்றுகொண்டிருந்தது. முன்னால் வெறும் தரை.

லேசரில் சில சமயம் தூசி விழும். அப்போது இல்லாத பொருளைக் காட்டும். எங்களுக்குப் பழகிய தொல்லைதான். 'அண்ணி துடைக்காமல் விட்டிருக்கிறாள்' என்று நினைத்தேன். அவள் செய்த தவறு ஒன்று கிடைத்ததே என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

பத்து நொடி கழித்து...

"நன்றி."

அந்த வார்த்தை சும்மா வராது. நின்றவர் விலகினால்தான் வரும். தூசி விலகி வழி விடாது.

ஆமை மறுபடி நகர்ந்தது. 2:33க்கு, ஐம்பதாவது மீட்டர் என்று அது நம்பிய இடத்தில் நின்றது. தானியங்கிக் கதவு திறக்கவில்லை. என் பொய் பலித்தது. சிரித்தேன் என்றே நினைக்கிறேன்.

திரும்பி வரச் சொல்லி உத்தரவு கொடுத்தேன். நின்ற இடத்திலேயே அறையைப் பார்த்துத் திரும்பியது. வரவில்லை. திரையில் 'பாதை அடைபட்டுள்ளது' என்று வந்தது. மறுபடி கொடுத்தேன். அதே பதில். அங்கேயே விட்டுவிட்டுப் போனால் காலையில் நான் வந்த குட்டு வெளிப்பட்டுவிடும். வேறு வழியில்லை. டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு காரிடாருக்குள் இறங்கினேன்.

2:38.

நான் நடக்க நடக்கத் தலைக்கு மேல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன. என் செருப்புச் சத்தம் சுவரில் பட்டு இரட்டையாகக் கேட்டது. ஆமையை நெருங்கி, இரண்டு அடி முன்னால் நின்று டேப்லெட்டைப் பார்த்தேன்.

இரண்டு பிறைகள் இருந்தன. 'ஆள் 1'.

அப்பாடா, என் கால்தான் என்று நினைத்தேன்.

இல்லை.

நான் ஆமைக்கு முன்னால் நின்றேன். பிறைகள் அதன் பின்னால் இருந்தன.

இடது காலைத் தூக்கினேன். திரையில் எதுவும் அசையவில்லை. ஆமைக்கு முன்னால், நான் நின்ற இடத்தில், திரை காலியாக இருந்தது. லேசர் என் காலைத் தாண்டிப் போய், பதினைந்து மீட்டர் தூரத்துச் சுவரைத் தொட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. நான் அங்கே இல்லாத மாதிரி.

இந்த நிமிஷத்திலும் என் மனசு என்ன நினைத்தது தெரியுமா? 'இவள் எழுதிய மூளைக்குக்கூட நான் கண்ணில் படமாட்டேனா?'

போன் அடித்தது. கையிலிருந்த டேப்லெட் நழுவப் பார்த்தது. அண்ணி.

"ஏய், ஆமைய யாரு ஓட்டறது? வீட்ல எனக்கு ஸ்கிரீன்ல காட்டுது."

"நான்தான்... சும்மா, நாளைக்கு முன்னாடி ஒரு தடவ..."

"சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல. கூட யாரு?"

"யாருமில்ல."

"ஒரு ஆள் காட்டுதே."

"அது... நான்தான்."

"நீ எந்தப் பக்கம் நிக்கற?"

"முன்னாடி."

பின்னணியில் எங்கள் வீட்டு டீவி சத்தம், அம்மா எதற்கோ சிரிப்பது எல்லாம் கேட்டது.

"முன்னாடி யாரும் இல்லடீ. பின்னாடிதான் ஒருத்தர் நிக்கறாங்க." குரலை இறக்கினாள். "இரு... அவங்க நகர்றாங்க. நீ எங்கடீ நிக்கற?"

லைன் அறுந்தது.

நான் ஓடினேன்.

நாற்பது மீட்டர் தூரத்தில் அறை தெரிந்தது. முப்பது. கதவிடுக்கில் அறையின் வெளிச்சம். இருபது. என் கண் முன்னாலேயே அந்த வெளிச்சம் மெலிந்து... கோடாகி...

டங்.

கதவு மூடிக்கொண்டது.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. தோளால் இடித்தேன். பூட்டின மாதிரி இறுகிக் கிடந்தது.

பின்னால் விளக்குகள் அணைந்துகொண்டே வந்தன. கடைசியாக என் தலைக்கு மேல் இருந்ததும் அணைந்தது.

கும்மிருட்டு.

கையை ஆட்டினேன். விளக்கு எரியவில்லை. குதித்தேன். எரியவில்லை. யார் கண்ணுக்கும் தெரியாதவளாக இருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் விளக்குக்குமா?

அப்போது, தூரத்தில், காரிடாரின் அந்தக் கோடியில்...

எட்டாவது விளக்கு எரிந்தது.

கீழே யாருமில்லை.

ஏழெட்டு நொடி. எட்டாவது அணைந்தது. ஏழாவது எரிந்தது.

யாருமில்லை.

ஆறாவது.

நடந்து வருகிற வேகம். அவசரம் இல்லை. தயக்கமும் இல்லை.

ஐந்தாவது விளக்கு ஆமையின் மேல் எரிந்தது. இந்த முறை அணையவில்லை. அங்கேயே எரிந்தது.

கிர்ர்ர்...

டேப்லெட்டைப் பார்த்தேன். மோட்டார்: நிறுத்தம். மின்சாரம்: பூஜ்யம். ஆனால் சக்கரம் எண்ணிக்கொண்டிருந்தது.

புரிகிறதா? ஆமை தானாக ஓடவில்லை. யாரோ தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.

எண்பது கிலோ.

49... 47... 44...

கிர்ர்ர்...

நான்காவது விளக்கு.

38... 35...

அந்த எண்கூடப் பொய். நான்தானே மாற்றினேன். உண்மையில் எவ்வளவு கிட்டத்தில் வந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது.

மூன்றாவது விளக்கு.

"அண்ணி..." என்று கத்தினேன். அம்மா என்று வரவில்லை. அண்ணி என்றுதான் வந்தது.

19... 15...

இரண்டாவது.

கிர்ர்ர்... கிர்...

நின்றது.

என் முழங்காலுக்கு முன்னால் ரப்பர் வாசனை. முதுகு கதவோடு ஒட்டியிருந்தது. டேப்லெட் வெளிச்சத்தில் ஆமையின் முகப்பு தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை.

திரையில் இரண்டு பிறைகள். அதன் பின்னால். அசையாமல்.

2:51.

"கொஞ்சம் வழி விடுங்க."

அண்ணியின் குரல்தான். பதிவு செய்த குரல்தான். ஆயிரம் தடவை கேட்ட குரல். ஆனால் அது என்னிடம் சொன்னது. என் காலே தெரியாத ஆமை என்னைத்தான் சொன்னது.

நான் நகரவில்லை. நகர முடியவில்லை.

"கொஞ்சம் வழி விடுங்க."

சுவரைத் தடவினேன். ஓர் அடி வலது பக்கம் வைத்தேன். இன்னோர் அடி. சுவரோடு சுவராக ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டேன்.

"நன்றி."

ஆமை நகரவில்லை.

வேறு ஏதோ நகர்ந்தது.

என் முகத்தை உரசுகிற மாதிரி காற்று போனது. ஜில்லென்று இல்லை. வெயிலில் அலைந்து வந்தவர்கள் மேல் வருமே, அந்தச் சூடு. வேர்வை வாசம். மூச்சிரைப்பு. ஓடி வந்தவர்களுடைய மூச்சு.

பிறகு என் காதுக்குப் பக்கத்தில்...

க்ளக்.

சாவி திரும்பும் சத்தம்.

கதவு தானாகத் திறந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

வெளியே பாய்ந்தேன். அறையைத் தாண்டி, படியைத் தாண்டி, வெயிலில் வந்து விழுந்தேன்.

அண்ணி வந்தபோது மணி 3:15. நான் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். தலைமுடியைக்கூடச் சீவாமல், அண்ணனின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். பாட்டிலில் பாதி என் உடம்பில்தான் கொட்டியது. அவள் உள்ளே போய்விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, அந்த எண்ண நான்தான் மாத்தினேன்" என்றேன்.

"பாத்தேன்."

அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், "இருநூத்தி நாலா? நானா இருந்தா இருநூத்தி ரெண்டு போட்டிருப்பேன். யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க."

சொன்னால் சிரிப்பீர்கள். அந்தப் பயத்துக்கு நடுவிலும் எனக்குச் சுருக்கென்றது. திருட்டுத்தனத்தில்கூட என்னைவிடக் கெட்டிக்காரி.

மறுநாள் ஆமை சரியாக ஓடியது. கதவு திறந்தது. கைதட்டினார்கள். அண்ணி தலைவி ஆனாள். அவள் இன்றுவரை அண்ணனிடமோ அம்மாவிடமோ இதைச் சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். எரிச்சல் குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் சில நாள் எரிகிறது. ஆனால் அவள் அறைக்குள் வந்தால் எழுந்து நின்றுவிடுகிறேன். ஏனென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் ஆமையின் பதிவைப் போட்டுப் பார்த்தோம். 2:51 தாண்டிப் பதினைந்தாவது நொடியில் இரண்டு பிறைகள் ஆமையைச் சுற்றிக்கொண்டு வந்து, கதவைக் கடந்து அறைக்குள் போகின்றன. இருபதாவது நொடியில் அதன் பின்னாலேயே இன்னொரு ஜோடி ஓடுகிறது. 'ஆள் 2'. அதுதான் நான். அதுவரை அந்தப் பதிவில் நான் எங்கேயும் இல்லை.

"எதோ சென்சார் கோளாறு" என்றாள் அண்ணி. அவளும் நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. மரியாதையான குரல் அல்லவா, பொய் ஒட்டவில்லை.

புதன்கிழமை, கதவு இறுகிக்கொள்கிறது என்று கட்டடக்காரர்களிடம் புகார் சொன்னோம். கட்டடத்தைப் பராமரிக்கும் அம்மா வந்தார். அறுபது வயதுக்குப் பக்கம். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. கதவை இரண்டு முறை திறந்து மூடினார். குனிந்து பார்த்தார்.

"இதுல பூட்டே இல்லையேம்மா" என்றார்.

பூட்டு இருந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தது. அந்த ஓட்டையை அதுவரை நான் கவனித்ததே இல்லை.

"சாவி திரும்பற சத்தம் கேட்டுச்சும்மா" என்றேன்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அண்ணியை ஒரு தரம் பார்த்தார். பிறகு அங்கிருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"பூட்ட எடுக்கச் சொன்னதே நான்தான்" என்றார்.

இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கட்டடத்தில் ஒரு பேக்கிங் கம்பெனி இருந்ததாம். அங்கே அவரும் இன்னொரு பெண்ணும் சூப்பர்வைசர்கள். இருவரும் நெருங்கிய தோழிகள். தலைமை சூப்பர்வைசர் பதவி யாருக்கு என்று முடிவு செய்ய, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய முதலாளி வருவதாக இருந்தது.

"எனக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அன்னிக்கு சரக்குப் பாக்க நான் உள்ள போனேன். அவ வெளியிலருந்து பூட்டிட்டா. முதலாளி வந்துட்டுப் போற வரைக்கும் நான் உள்ள கெடக்கணும்னு. ரெண்டு மணி இருக்கும். இந்தக் கதவுகிட்டதான் நின்னு தட்டிட்டே இருந்தேன். கேக்க ஆளில்ல. அந்தப் பக்கக் கதவும் பூட்டு."

"அப்புறம்?" என்றாள் அண்ணி.

"ஒரு மணி நேரம் போயிருக்கும். அந்தக் கோடியிலருந்து யாரோ நடந்து வர்ற சத்தம். இருட்டு. ஒண்ணும் தெரியல. மூச்சு வாங்கிட்டு என்னைத் தாண்டிப் போனாங்க. சாவி திரும்புச்சு. கதவு தெறந்துச்சு. நான் ஓடிப்போய் முதலாளி முன்னாடி நின்னுட்டேன். வேலையும் எனக்கே கெடைச்சுது. அவ வரட்டும், நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கணும்னு காத்திருந்தேன்."

சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் போலீஸ் வந்துச்சு. ரெண்டரை மணிக்கே நாலு ரோட்டு முனையில லாரி அடிச்சு அந்த எடத்துலயே போயிட்டாளாம். வீட்டுக்குப் போற வழியில இல்ல. திரும்பி வர்ற பக்கம். சாவி அவ கையிலயே இருந்துச்சு. விரலப் பிரிச்சுதான் எடுத்தாங்களாம்."